மழையின் எடை

தீர்ப்பு நாற்பத்தேழு பக்கம்.
லீ பஜார் ஜெராக்ஸ் கடைக்காரன்
கட்டைக் கையில் தூக்கிப் பார்த்து
எண்ணாமலே விலை சொன்னான்.
எடைதான் இந்தத் தெருவின் பாஷை.

வழக்கு இதுதான்.
பதினோரு வருடம் முன், ஓர் ஐப்பசியில்,
செவ்வாய்ப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில்
இருபத்தொரு வேகன் ஜவ்வரிசி ஏற்றினோம்
கல்கத்தாப் பக்கம் ஷாலிமாருக்கு.
ரயில்வே ரசீதில் எடை சரி.
என் பேரேட்டில் சரி.
கூடூரில் வண்டியை நிறுத்தி
மறுபடி எடை போட்டார்கள்.
மூட்டைகள் கனத்துவிட்டிருந்தன.

நடுவழியில் ஏறியது மழை.
துரு தின்ற கூரை வழியே
டிக்கெட் இல்லாமல்,
எந்த மாநிலம் என்றும் சொல்லாமல்,
ஒவ்வொரு மணிக்குள்ளும் போய்
உட்கார்ந்துகொண்டது.
ஜவ்வரிசி தண்ணீரை வேண்டாம் என்று சொல்லாது.
அதன் குணம் அது.

தண்டக் கட்டணம்
நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

'எடைமேடைக்கு மழை தெரியாது,
எடைதான் தெரியும்' என்றது ரயில்வே தரப்பு.
எங்கள் வக்கீல் ஹேமாவதி கேட்டார்:
'சேலத்தில் ஏற்றிய சரக்கு
ஆந்திர மேகத்துக்கும் சேர்த்து
வாடகை கட்ட வேண்டுமா?'
நீதிபதி சிரித்தாராம்.
சிரித்துவிட்டு
ஏழு மாதம் தள்ளி வாய்தா போட்டாராம்.

அப்படியே போயிற்று.
ஏற்காட்டு மலைமேல் மேகம் இறங்கும் நாளெல்லாம்
முதலாளி அங்கப்பன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து
'நம்ம கேஸு வருது பாரு' என்பார்.

போன வாரம் வந்தே விட்டது.
முப்பத்தொன்றாம் பத்தி:
'அனுப்பியவர் ஒப்படைத்ததே சரக்கு.
வானம் வழியில் சேர்த்தது சரக்கு ஆகாது.
கூரை ரயில்வேயுடையது;
ஆகவே ஓட்டையும் அவர்களுடையதே.
எல்லை தாண்டி வணிகம் ஓட வேண்டுமானால்
ஒரு கிலோ என்பது
எல்லாத் தண்டவாளத்திலும் ஒரு கிலோவாக இருக்கட்டும்.'
ஆறு சதவீத வட்டியோடு திருப்பித் தர உத்தரவு.
முதலாளி லட்டு வாங்கிவரச் சொன்னார்.

வட்டி கணக்குப் போடப்
பழைய பேரேட்டை இறக்கினேன்.
அதே ஐப்பசி. என் கையெழுத்து.
'ஏற்றுக்கூலி பிடித்தம்.
காரணம்: அதிக எடை ஏற்றியது.
ஆள் ஒன்றுக்கு 640.'
சின்னப்பையன், தொப்பளான், மாது, சேவத்தான்,
இன்னும் கீழே, மொத்தம் இருபத்தாறு.

அன்று மாது ஜன்னலுக்கு வெளியே நின்றான்.
'எண்ணித்தானுங்க ஏத்துனோம்.'
'ரயில்வே சொல்லுதே' என்றேன்
தலை நிமிராமல்.
ரயில்வே தப்பு என்று
மேல் கோர்ட்டுக்கு மனு டைப் செய்ததும்
அதே மேஜையில்தான்,
அதே வாரத்தில்.

நாற்பத்தேழு பக்கத்திலும் தேடினேன்.
ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறார்கள்:
'சரக்கு ஏற்றப்பட்டது.'
அந்த ஒரு சொல்லுக்குள்
இருபத்தாறு முதுகு.

பென்சிலில் போட்டுப் பார்த்தேன்.
அறுநூற்று நாற்பது, ஆறு சதவீதம், பதினோரு வருடம்.
தலைக்கு ஆயிரத்து அறுபத்திரண்டு ரூபாய் நாற்பது காசு.
துண்டுச் சீட்டை
லட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
முதலாளி எடுத்தார்.
படித்தாரா, தெரியவில்லை,
கண்ணாடி நெற்றியில் இருந்தது.
சட்டைப் பைக்குள் மடித்துப் போட்டுக்கொண்டு
'பார்க்கலாம்' என்றார்.

எனக்கு வாய்தா புரியும்.
பதினோரு வருடப் பழக்கம்.

சாயங்காலம் ஷெட் பக்கம் போனேன்.
மாது இப்போது வருவதில்லையாம், முழங்கால்.
சின்னப்பையன் மட்டும்
வேகன் கூரையைக் கீழிருந்து குச்சியால் தட்டித் தட்டி
சத்தம் கேட்டுக்கொண்டிருந்தான்.
'கேஸு ஜெயிச்சுதாமே' என்றான்.
ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன்.
தகரத்தில் ஓரிடம் வேறு மாதிரி ஒலித்தது.
அவன் சுண்ணக்கட்டியால்
அங்கே ஒரு வட்டம் போட்டான்.